சம்பாடி என்கிற ஆளைத் தேடி

எனக்குத் தெரிந்து மலேசியாவின் கெடா மாநிலத்தில் மிகப் பெரிய குற்றவாளியின் பெயர் சம்பாடி. சுங்கைப் பட்டாணியில் நிறுத்தி வைத்த காரின் கதவு நசுங்கியிருந்தால், இடித்தது சம்பாடி. லூனாஸில் வேலியோரம் விழுந்த டுரியான் பழம் காணாமல் போனால், எடுத்தது சம்பாடி. கல்யாண வீட்டில் புதுச் செருப்பு மாயமானால், போட்டுக்கொண்டு போனது சம்பாடி. இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியாதவர்களுக்குக்கூட ‘somebody’ என்கிற இந்த ஒரு சொல் தெரியும். ‘யாரோ’ என்று தமிழில் சொன்னால் கேட்கிறவன் ‘யாரு?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவான். சம்பாடி என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

இந்தச் சம்பாடியை ஜென்ம விரோதியாக நினைப்பவர் என் முதலாளி பிரேமாவதி. பாதி ஆயுளை இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணையில் கழித்தவர். ‘சம்பாடி பேங் மை கார்’ என்று பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு வருகிறவனை, அவன் மச்சான் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்ததை அவன் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புவார். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, சுங்கைப் பட்டாணியில் கார் சீட் உறை தைக்கிற கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் திவாகரன், அவருடைய உதவியாளன். காடி ஓட்டுவது, தே தாரிக் டீ வாங்கி வருவது, வாயடிப்பது மூன்றும் என் வேலைகள். கடைசி வேலையை யாரும் கேட்காமலே செய்கிறேன்.

“ஒரு ஆளு சம்பாடின்னு சொன்னா, அவனுக்குப் பேரு தெரியும்னு அர்த்தம் திவா,” என்பார் பிரேமாக்கா. “நெசமாவே தெரியாதவன் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவான். தெரிஞ்சவனுக்குத்தான் சம்பாடி வேணும்.”

அன்று காலை அந்தச் சம்பாடியைத் தேடிக்கொண்டு லிண்டா வந்தாள்.

குலிம் தொழிற்சாலைச் சீருடை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்த கண்கள். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தாள்.

“அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம் ஆன்ட்டி. முந்தாநாள் மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திட்டாங்க. எனக்கு ஏற்கனவே ஒரு புருஷன் இருக்கானாம். சம்பாடி சொன்னாங்களாம்.”

“இருக்கானா?” என்று கேட்டார் பிரேமாக்கா.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. லிண்டா கூசவில்லை.

“இல்ல ஆன்ட்டி.”

“சரி. நிறுத்துனது யாரு?”

மாப்பிள்ளை ஷானுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் மோரிஸ்தான் பெரியவர். அவர் லிண்டாவின் அப்பா கேப்ரியலுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, கல்யாணம் இல்லை என்று வைத்துவிட்டார். கேப்ரியல் முன்கதவைச் சாத்தியவர் இன்னும் வெளியே வரவில்லை. ஷான் ஜோகூரில் வேலை செய்கிறான், போனை எடுப்பதில்லை. சபையில் லிண்டா ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். அந்த வகுப்பையும் பாஸ்டர் வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்.

“பிள்ளைங்க ‘அக்கா ஏன் வரல’ன்னு வாய்ஸ் அனுப்புதுங்க,” என்றாள் லிண்டா. “நான் கேக்கிறதுக்குள்ள அவங்கம்மாங்க அழிச்சிடுறாங்க. எனக்கு அந்தச் சம்பாடி யாருன்னு தெரியணும் ஆன்ட்டி. கல்யாணம் நடக்குதோ இல்லையோ, நான் இந்த ஊர்லதான இருக்கணும்?”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

“திவா, காடிய எடு,” என்றார் பிரேமாக்கா.

“அக்கா, நான் இன்னும் பசியாறல.”

“எடு.”

காலையிலிருந்து நான் ஒரு பிஸ்கெட்கூடச் சாப்பிடவில்லை என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லிண்டா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். எந்த வீட்டிலும் இறங்கக் கூடாது என்று அக்கா அவளுக்கு உத்தரவு போட்டார்.

மோரிஸுக்கு டவுனில் டயர் கடை. நாங்கள் போனபோது மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நிறுத்திவிட்டு வந்த மனிதருக்கு நல்ல பசி.

“எவ்ரிபாடி நோஸ், மேடம்,” என்றார் மென்றுகொண்டே.

“அதுல ஒரு ஆள காட்டுங்க.”

“எவ்ரிபாடி லா. ஊரே பேசுது. சபையில, பசார்ல, எல்லா எடத்துலயும்.”

“எவ்ரிபாடியோட போன் நம்பர் இருக்கா அங்கிள்?” என்றேன். “ஒரு வாட்டி அடிச்சுக் கேட்டுடலாம்.”

மோரிஸ் என்னைப் பார்த்த பார்வையில் டயருக்குக் காற்று அடித்திருக்கலாம். பிரேமாக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பொண்ணு லாயர்கிட்ட போகப் போவுது. ஊருக்கே நோட்டீஸ் அனுப்ப லாயரால முடியாது. போன் பண்ணிச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதனால உங்க பேருக்குத்தான் வரும்.”

ரொட்டி பாதியில் நின்றது. “நானா சொல்லல மேடம். தையக் கடை அழகம்மா சிஸ்டர்தான் சொன்னாங்க. சபையில சர்வீஸ் முடிஞ்சு காடி நிறுத்துற எடத்துல, தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க.”

“வேற யாரு?”

“வேற... அவங்கதான்.”

மொத்த ஊரும் ஒரு தையற்காரியாகச் சுருங்குவதற்கு ஒரு ரொட்டி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. நான் பார்த்தவரைக்கும் எவ்ரிபாடி என்பவரின் நிஜ அளவு இவ்வளவுதான்.

அழகம்மாவின் தையல் கடை லூனாஸில் இருந்தது. கல்யாண ரவிக்கைகள் ஹேங்கரில் தொங்க, நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“வாங்க, உக்காருங்க. நான் உபவாசம். பேசக்கூட சத்து இல்ல.”

மெஷினுக்குப் பக்கத்தில் பெரிய மக்கில் மைலோ. அதில் ஒரு பிஸ்கெட் பாதி முழுகியிருந்தது. என் கண் போன இடத்தை அவரும் பார்த்துவிட்டார்.

“மைலோ தண்ணிதானே தம்பி.”

“பிஸ்கெட்டு?”

“அது மைலோவுக்கு.”

பிரேமாக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். “லிண்டா பேர நீங்கதான் கெளப்பிவிட்டீங்களா?”

“ஐயோ, நான் பேரே சொல்லல! கர்த்தர் சாட்சி. சம்பாடின்னுதான் சொன்னேன். குலிம்ல ராத்திரி வேலை பாக்குற சம்பாடி, அடுத்த வாரம் கல்யாணம் வச்சிருக்கிற சம்பாடி.”

“அப்பா பேரு கேப்ரியலா இருக்கிற சம்பாடியா?” என்றேன்.

“அது எனக்குத் தெரியாது தம்பி,” என்றார் அழகம்மா, துளிகூட வெட்கமில்லாமல். “நான் வம்பு பேசுறவ இல்ல. இது ஜெபக் குறிப்பு.”

பிறகுதான் அந்த அருமையான ஏற்பாட்டை விளக்கினார். சபையின் சகோதரிகளுக்குள் ஒரு ஜெபச் சங்கிலி உண்டு. ஒருத்தருக்கு மனதில் பாரம் இருந்தால் வரிசையில் அடுத்தவருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அவர் அதற்காக ஜெபம் செய்துவிட்டு அதற்கடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு சுற்று சுற்றி, தொடங்கியவரிடமே திரும்பி வந்தால் சங்கிலி முடிந்தது. பெயரைச் சொல்லக் கூடாது, சம்பாடி என்றுதான் சொல்ல வேண்டும். யார் தொடங்கியது என்று கேட்கவும் கூடாது.

“தொடங்குனவங்க பதில் கிடைக்கிற வரைக்கும் உபவாசம் இருக்கணும்,” என்றார். “மத்தவங்க முடிஞ்சா இருக்கலாம். ஆனா நாங்க எல்லாருமே இருக்கோம்னுதான் சொல்லிக்குவோம். அப்பதானே யாரு பாரம்னு தெரியாது?”

“நல்ல ஏற்பாடு,” என்றார் பிரேமாக்கா. அவர் நல்ல என்று சொன்னால் அதன் பொருள் வேறு. “உங்களுக்கு அடுத்து யாரு?”

“மரியா சிஸ்டர்.”

“எந்த மரியா?”

“ஷானோட அம்மா.”

“மாப்பிள்ளையோட அம்மாவுக்கே போன் பண்ணி, உங்க மருமகளாகப் போறவளுக்கு வேற புருஷன் இருக்கான்னு சொன்னீங்க?”

“சம்பாடிக்குன்னு சொன்னேன்,” என்று திருத்தினார் அழகம்மா. “வரிசை வரிசைதானே லா. நான் மாத்த முடியுமா?” பிஸ்கெட்டின் மறுபாதியையும் மைலோவில் முக்கினார்.

இவர்களை மட்டும் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் இதே வேலையைச் சாமி படம் போட்டுச் செய்கிறார்கள். ‘சிலருக்குப் புரிந்தால் சரி’ என்று ஒருவர் எழுதினால் போதும், அந்தச் சிலர் யார் என்று சாயங்காலத்துக்குள் தாமானில் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். எழுதியவர் மட்டும் உத்தமராகவே இருப்பார்.

சங்கிலியில் நடுவில் இருந்த சகோதரிகளைக் காடியில் போகும்போதே போனில் முடித்தோம். அழகம்மாவுக்குச் சொன்னவர், ‘கல்யாணப் பொண்ணுக்கு ஏற்கனவே ஒரு புருஷன்’ என்று தான் கேட்டதாகச் சொன்னார். அவருக்குச் சொன்னவர், ‘சம்பாடிக்கு மறைவா ஒரு பந்தம்’ என்றுதான் சொன்னாராம். அவருக்கும் முந்தியவர் ரமணி. பின்னோக்கிப் போகப் போகக் கதை மெலிந்துகொண்டே வந்தது. ஆளுக்கு ஒரு பிடி போட்டிருக்கிறார்கள், ஆனால் தான் ஒன்றும் போடவில்லை என்று ஒவ்வொருத்தியும் ஆண்டவர் பெயரில் சத்தியம் செய்தாள். லிண்டா பின்சீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் போல எனக்கு இருந்தது, நான் ஒன்றும் செய்யாவிட்டாலும்.

“தமிழ்ல பேசுனா எங்கயாவது வாய் தவறி ஒருத்தன்னோ ஒருத்தின்னோ வந்துடும்,” என்றார் பிரேமாக்கா வெளியே பார்த்தபடி. “சம்பாடில அந்தத் தொல்லையே இல்ல. யாரு தலையில வேணும்னாலும் வைக்கலாம். எந்தத் தலைக்கும் அளவு சரியா இருக்கும்.”

ரமணிக்குப் புக்கிட் செலம்பாவில் சொந்தமாகக் கொஞ்சம் கித்தா என்கிற ரப்பர் மரம். பால் வெட்டிவிட்டு வந்து, சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் தட்டை மறைக்கவில்லை.

“நீங்க உபவாசம் இல்லையா சிஸ்டர்?” என்றேன் ஏக்கத்தோடு.

“பசியோட கித்தா வெட்டுனா கத்தி மரத்துல படாது தம்பி, கால்ல படும். அவங்க கேட்டா இருக்கேன்னு சொல்லுவேன். நீயும் சொல்லிடாத.”

அன்று முழுக்க எங்களிடம் உண்மை பேசிய முதல் மனுஷி. பிரேமாக்கா அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“உங்களுக்கு இந்தக் குறிப்பு யாரு கொடுத்தாங்க?”

“மரியா சிஸ்டர். எனக்கு எப்பவும் அவங்கதான். ‘ஒரு கல்யாணத்துல மறைஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, சம்பாடிக்காக ஜெபம் பண்ணுங்க’ன்னு சொன்னாங்க. அழுதாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.”

“குலிம்? ராத்திரி வேலை?”

“இல்லையே.”

“பொண்ணு?”

ரமணி யோசித்தார். “இல்ல. கல்யாணம்னுதான் சொன்னாங்க. தம்பி, உனக்கு ஒரு தட்டு போடவா?”

நான் தட்டை வாங்குவதற்குள் பிரேமாக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

மரியாவின் வீடு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தாமானில். கல்யாணத்துக்காகப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கியபடி கிடந்தன, யாரும் திரும்ப எடுத்துப் போக வரவில்லை. கதவைத் திறந்த அம்மாளின் உதடு வெடித்திருந்தது. கையில் இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எங்களுக்கு இரண்டு கிளாஸில் ஏர் சிராப் கலக்கிக் கொண்டுவந்தார். ரோஸ் நிறத் தண்ணீர் தட்டு முழுக்கச் சிந்தியிருந்தது.

“எனக்கு அழகம்மா சிஸ்டர்தான் சொன்னாங்க,” என்றார் மரியா. “நான் அப்படியே ரமணி சிஸ்டருக்குச் சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அழகம்மாவுக்கு வரிசையில் முந்தியவர் சொன்னார். அவர்களுக்கெல்லாம் ரமணியிடமிருந்து வந்தது. ரமணிக்கு மரியா சொன்னார். மரியாவுக்கு அழகம்மா சொன்னாராம். கெடாவில் பாதியைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம்.

“அக்கா, ரவுண்டபவுட்ல மாட்டிக்கிட்டோம்,” என்றேன். “வெளிய போற வழியே இல்ல. இந்த வம்ப யாரும் தொடங்கல, தானா மொளைச்சிருக்கு.”

பிரேமாக்கா மரியாவைப் பார்த்துச் சிரித்தார். “சிஸ்டர், இவன் காலையில இருந்து பட்டினி. சோறு கொஞ்சம் இருக்குமா?”

மரியா தடுமாறினார். “சோறு... இல்லையே. கடையில புங்குஸ் கட்டி வாங்கிட்டு வரட்டா?”

“வேணாம். திவா, இன்னைக்கு ஒவ்வொரு எடத்துலயும் என்ன வாசனை வந்துச்சு, சொல்லு.”

இது என் பாடம். “மோரிஸ் அங்கிள் கடையில ரொட்டி சானாய். லூனாஸ்ல மைலோ. ரமணி சிஸ்டர் வீட்டுல கருவாடு. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“இங்க?”

மூக்கை உறிஞ்சினேன். “பெயிண்ட்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மத்தியானம் தாண்டிய வீட்டில் சமையல் வாசனையே இல்லை. எழுந்து போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அடுப்பின் மேல் துணி விரித்திருந்தது. சோற்றுப் பானை கவிழ்ந்து கிடந்தது, அதன் அடியில் சிலந்தி ஒன்று நிம்மதியாக வீடு கட்டியிருந்தது.

“உன் வயித்துக்குத் தெரிஞ்சது உன் மூளைக்குத் தெரியல,” என்றார் பிரேமாக்கா. பிறகு மரியாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

“அழகம்மா உங்ககிட்ட சொன்னப்ப குலிம், ராத்திரி வேலை, கல்யாணப் பொண்ணு எல்லாம் இருந்துச்சு. நீங்க ரமணிகிட்ட சொன்னப்ப அதுல ஒண்ணுகூட இல்ல. ஒரு வீட்டுக்குள்ள போன வம்பு எளைச்சு வெளிய வந்து நான் பார்த்ததே இல்ல சிஸ்டர். நீங்க சொன்னதுதான் மொதல்ல. அழகம்மா சொன்னது சங்கிலி சுத்தி உங்ககிட்டயே திரும்பி வந்தது. தொடங்குனது நீங்க.”

“நான் மத்தவங்களுக்காக...”

“மத்தவங்களுக்காக ஜெபிக்கிறவங்கள நான் பார்த்துட்டு வரேன். மைலோவுல பிஸ்கெட் முக்கிக்கிட்டே ஜெபிக்கிறாங்க. சம்பாடிக்காக எந்தப் பொம்பளையும் ஒடம்பு இப்படி வத்திப்போற வரைக்கும் பட்டினி கெடக்க மாட்டா. பெத்த புள்ளைக்காகத்தான் கெடப்பா. மறைஞ்ச பந்தம் லிண்டாவுக்கு இல்ல. ஷானுக்கு.”

மரியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். கல்யாணத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் கல்யாணத்தில் ஒரு கோளாறு என்று கேள்விப்பட்டதும் ஒரு சபை முழுக்க ஒருத்தியை மட்டும்தான் திரும்பிப் பார்த்திருக்கிறது. மாப்பிள்ளையாக இருக்கலாமே என்று எந்தச் சகோதரிக்கும் தோன்றவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

“ஜோகூர்ல ஒரு பொண்ணு,” என்றார் மரியா. “கோயில்ல வச்சு தாலி கட்டியிருக்கான். ரெஜிஸ்டர் பண்ணல. புள்ள இருக்கு. அந்தப் பொண்ணு எப்படியோ என் நம்பர கண்டுபுடிச்சு, வீடியோல புள்ளைய காட்டுச்சு. அச்சு அசல் அவன் மூஞ்சி. நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? எங்கண்ணன் மோரிஸுக்குத் தெரிஞ்சா அவன வெட்டிப் போட்டுடுவாரு. எப்படியாவது இந்தக் கல்யாணம் நிக்கட்டும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன்.”

“நின்னுடுச்சு. உங்க மகன் மானத்துக்கு ஒரு கீறல் இல்லாம.”

“அழகம்மா போன் பண்ணப்ப எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. லிண்டா இல்ல, என் மகன்தான்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. அதுக்குள்ள அண்ணனே கேள்விப்பட்டு கேப்ரியலுக்கு அடிச்சிட்டாரு. கல்யாணம் நின்ன பெறகும் எனக்குச் சோறு எறங்கல. சரி, அவ நல்ல பொண்ணு, படிச்சிருக்கா, வேற மாப்பிள்ளை கிடைச்சிடும்னு...”

“ஷானுக்குத் தெரியுமா?”

கேட்டது பிரேமாக்கா இல்லை. லிண்டா வாசலில் நின்றாள். காடியில் இருக்கச் சொன்ன உத்தரவை அவள் எப்போது மீறினாள் என்று தெரியவில்லை. நாற்காலி அடுக்கின் மேல் ஒரு கையை ஊன்றியிருந்தாள்.

“என் பேரு இப்படி அடிபடுறது ஷானுக்குத் தெரியுமா ஆன்ட்டி?”

மரியா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும்மா.”

“என்ன சொன்னாரு?”

“‘விடும்மா, கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்’னான்.”

நான் ஷானைப் பார்த்ததில்லை. பார்க்கவும் விருப்பமில்லை. தன் பாவத்தை ஒரு பெண்ணின் தலையில் ஊரே சேர்ந்து ஏற்றுவதைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு, போனை எடுக்காமல் இருக்கிறவனுக்கு ஒரு முகம் வேறு தேவையா என்ன?

லிண்டா அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த விரல், வீங்கியிருந்தது, மோதிரம் வரவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தேய்த்து, குழாயைத் திறந்து, முறுக்கிக் கழற்றினாள். கவிழ்ந்து கிடந்த சோற்றுப் பானையின் மேல் அதை வைத்துவிட்டு வந்தாள்.

“ஆன்ட்டி, சிஸ்டர்ஸ் குரூப்புல இப்பவே வாய்ஸ் போடுங்க.”

“நாளைக்கு நானே பாஸ்டரப் பார்த்து...”

“இப்ப.”

மரியா போனை வாயருகே வைத்தார். “ஸ்தோத்திரம் சிஸ்டர்ஸ். நாம ஜெபிச்ச அந்தக் காரியத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. அது வந்து, சம்பாடி...”

பிரேமாக்கா விரலை நீட்டிப் போனை நிறுத்தினார். “மொதல்ல இருந்து.”

இரண்டாவது முறையும் மரியாவுக்கு வாய் வரவில்லை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார். “சிஸ்டர்ஸ், நான் மரியா பேசுறேன். வேற பந்தம் இருக்கிறது என் மகன் ஷானுக்கு. புள்ளையும் இருக்கு. லிண்டா மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்தேன்.” அனுப்பிவிட்டுப் போனைக் கீழே போட்டார், சுட்டுவிட்ட மாதிரி.

பதில்கள் உடனே விழ ஆரம்பித்தன. இந்தச் சகோதரிகள் தூங்குவதே இல்லை போலிருக்கிறது. கைகூப்பிய படங்கள், அழுகிற மஞ்சள் முகங்கள். ஒரு சிஸ்டர், ஷானின் முழியைப் பார்த்தே தனக்கு அப்போதே சந்தேகம் என்று எழுதினார். இன்னொருவர், சம்பாடி வேண்டுமென்றே லிண்டாவின் பெயரைக் கெடுத்திருக்கிறார், அந்த ஆளை ஆண்டவர் சும்மா விடமாட்டார் என்று எழுதினார். ரமணி மட்டும் மரியாவுக்கு, ‘சாப்பிடுங்க சிஸ்டர்’ என்று தனியாக அனுப்பியிருந்தார். நான் அந்தப் போனை எடுத்து எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை, வந்ததெல்லாம் துப்ப வேண்டியதாக இருந்தது.

அப்போது லிண்டாவின் போன் அடித்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“லிண்டா பாப்பா, அழகம்மா ஆன்ட்டிடா,” என்றது குரல். ரவிக்கை தைக்கிற மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. “இப்பதான் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒண்ணும் தெரியாத புள்ள பேர சம்பாடி இப்படிக் கெடுத்துட்டாங்களே! நீ கவலைப்படாத. நான் ஒனக்காக உபவாசம் இருக்கேன்.”

“நீங்க பசியாறுங்க ஆன்ட்டி,” என்றாள் லிண்டா. “ஞாயித்துக்கிழமை என் கிளாசுக்கு நான் வரேன். அதுக்கு முன்னாடி பாஸ்டர்கிட்டயும் புள்ளைங்க அம்மாங்ககிட்டயும் ஒருத்தர் பேசணும். எங்க வீட்டுக்கும் வந்து எங்கப்பாகிட்ட சொல்லணும்.”

“கண்டிப்பா பேசணும்டா. யாராவது பேசுவாங்க.”

“நீங்க பேசுவீங்க. என் பேர மோரிஸ் அங்கிள்கிட்ட சொன்னது நீங்க. ‘அழகம்மா நான்தான் சொன்னேன், நான் சொன்னது பொய்’னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”

மெஷின் சத்தம் நின்றது. பிரேமாக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார், நான் வாயைத் திறந்துவிடாமல் இருப்பதற்காக.

“என்னடா இது, எல்லாருந்தானே பேசுனாங்க...”

“எப்ப வரீங்க ஆன்ட்டி?”

லிண்டா போனை வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வாடகை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிலுக்காகக் காத்திருந்தாள்.